ஃபிரேம் ரேட் வரம்பு: கேம் மாட்டும் பூட்டா, நாமே போடும் தாழ்ப்பாளா?

2013-ல் வந்த ‘நீட் ஃபார் ஸ்பீட்: ரைவல்ஸ்’ கார் பந்தய கேம் பிசியிலும் விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம்தான் வரையும். இத்தனை காசு போட்டு கிராபிக்ஸ் கார்டு வாங்கியது 30-ல் ஓட்டவா என்று கடுப்பானவர்கள், கேமைத் தொடங்கும் கட்டளையில் ஒட்டு வேலை செய்து அதை 60 ஆக்கிப் பார்த்தார்கள். 60 வந்தது. கூடவே கார், போலீஸ், போக்குவரத்து எல்லாமே இரு மடங்கு வேகத்தில் ஓடத் தொடங்கின. ஃபிரேமை எண்ணித்தான் அந்த கேம் நேரத்தையே கணக்கிட்டது.

விநாடிக்கு இத்தனை ஃபிரேமுக்கு மேல் வேண்டாம் என்று தடுக்கும் ஃபிரேம் ரேட் வரம்பு பற்றிப் பேச்சு வந்தாலே வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஆனால் வழிகள் நான்கு இருக்கின்றன: கேம் செய்தவர்களே வைத்துவிட்ட வரம்பு, வரம்பே இல்லாமல் ஓடவிடுவது, விசிங்க் (மானிட்டரின் தாளத்துக்கு ஃபிரேமைக் காக்க வைப்பது), நாமே தேர்ந்து வைக்கும் வரம்பு. என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து கேம் மாட்டும் பூட்டு பெரும்பாலும் செய்தவர்கள் மிச்சம் வைத்த வேலை. உள்ளிருந்து நாமே போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள் ஏறக்குறைய எல்லா பிசிக்கும் நல்லது. எதுவும் போடாமல் திறந்துவிடுவது ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும்.

எண்ணை விட இடைவெளி முக்கியம்

எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) எண்ணைப் பார்ப்பதை விட ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை மில்லி விநாடி போகிறது என்று பார்ப்பது மேல். 30 எஃப்பிஎஸ் என்றால் 33.3 மில்லி விநாடி. 60-க்கு 16.7, 120-க்கு 8.3, 240-க்கு 4.2. முப்பதிலிருந்து அறுபதுக்குப் போனால் மிச்சம் 16.6 மில்லி விநாடி. 120-லிருந்து 240-க்குத் தாவினால் மிச்சமாவது நாலே சொச்சம்தான். கார்டின் வேலையோ ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிறது. முதல் தாவலை யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். கடைசித் தாவலை வேகமான ஷூட்டர் கேமில் ஊறிய கைதான் உணரும்.

இன்னொரு சங்கதி, எண் பொய் சொல்லும். ஒரு ஃபிரேம் 10 மில்லி விநாடியில், அடுத்தது 23-ல் என்று மாறி மாறி வந்தாலும் மூலையில் இருக்கும் கவுன்டர் 60 என்றே காட்டும். கண்ணுக்கோ படம் உதறும். வரம்பு வைப்பதால் கிடைக்கும் பெரிய லாபம் இந்த உதறலைச் சீராக்குவதுதான்.

கேம் மாட்டும் பூட்டு

பழைய ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்த வேகத்தை நம்பி எழுதிய கேம்கள் அடுத்து வந்த வேகமான கம்ப்யூட்டர்களில் ஆளே ஆட முடியாதபடி பறந்ததால், ‘டர்போ’ என்று ஒரு பொத்தான் வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. நோய் அவ்வளவு பழசு. ‘ஒரு ஃபிரேமுக்கு இத்தனை தூரம் நகரு’ என்று எழுதினால் ஃபிரேம் கூடும்போது வேகமும் கூடும். ‘போன ஃபிரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனதோ அதற்கேற்ப நகரு’ என்று எழுதினால் கூடாது. இல்லை, விதிகளும் இயற்பியலும் தனியாக ஒரே தாளத்தில் ஓட, படம் வரைவது மட்டும் தன்னிஷ்டத்துக்கு ஓடும்படியும் பிரிக்கலாம். எல்லாம் புரோகிராமர்களுக்கு எப்போதோ தெரிந்த வழிகள். ஆனாலும் ஒரு கன்சோலில் 30 அல்லது 60 என்று உறுதியாக இருந்த கேமைப் பிசிக்குக் கொண்டுவரும்போது, இதைப் போய்த் திருத்துவதை விட வரம்பை அப்படியே விட்டுவிடுவது சுலபம்.

அந்தச் சுலபத்துக்கு ஆட்டக்காரர்கள் கொடுத்த விலை கொஞ்சமில்லை. ‘டார்க் சோல்ஸ்’ 2012-ல் பிசிக்கு 30 ஃபிரேம் பூட்டோடு வந்தது. ஆர்வலர் ஒருவர் செய்த ‘டிஎஸ்ஃபிக்ஸ்’ என்ற மாட் (கேமை மாற்றும் ஒட்டு நிரல்) அதை 60 ஆக்கியது. அதில் ஏணியில் சறுக்கி இறங்கினால் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே விழும் அபாயமும் சேர்ந்து வந்தது. அதன் இரண்டாம் பாகம் பிசியில் முறைப்படி 60-ல் ஓடியது, ஆனால் ஆயுதம் 30-ல் தேய்வதைப் போல இரு மடங்கு வேகத்தில் தேய்ந்தது. 2014-ல் வந்த கேமுக்கு அந்தத் திருத்தம் 2015-ல்தான் கிடைத்தது. ‘ஸ்கைரிம்’ 2011-ல் வந்தது. 60-ஐத் தாண்டினால் கடையில் அடுக்கிய தட்டும் கோப்பையும் தாமாகச் சிதறும், தொடக்கக் காட்சியில் கைதிகளை ஏற்றி வரும் வண்டியே பேய் பிடித்தது போல் குதிக்கும். அதே நிறுவனத்தின் ‘ஃபால்அவுட் 76’ 2018-ல் ஆன்லைன் கேமாக வந்தபோது இது வேடிக்கையாக இல்லை. அதிக ஃபிரேம் வைத்திருப்பவர் மற்றவர்களை விட வேகமாக ஓடினார். தரையைப் பார்த்துக்கொண்டு ஓடினால் வரைய வேண்டியது குறைந்து ஃபிரேம் கூடும், ஓட்டமும் கூடும்!

இந்த வரிசையில் எனக்குப் பிடித்த விதிவிலக்கு 1999-ன் ‘குவேக் 3 அரீனா’. அதில் நேரம் முழு மில்லி விநாடிகளாக வெட்டப்படும். 125 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 8 மில்லி விநாடி. அந்த வேகத்தில் எண்களை முழுமையாக்கும் கணக்கு ஆட்டக்காரருக்குச் சாதகமாக விழுந்து, குதிப்பு கொஞ்சம் உயரும். அதனால் போட்டிக்காரர்கள் வரம்பை நீக்கவில்லை, 125 என்று தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

பூட்டு நியாயமாக இருக்கும் இடமும் உண்டு. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’, ‘டெக்கன் 8’ போன்ற சண்டை கேம்களில் 60 என்பது ஆட்டத்தின் அளவுகோலே. எந்தக் குத்து எத்தனையாவது ஃபிரேமில் படும், தடுத்தால் யாருக்கு எத்தனை ஃபிரேம் முந்தல் என்று பட்டியலை மனப்பாடம் செய்துதான் ஆடுகிறார்கள். ஆன்லைனில் இரண்டு பக்கக் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு ஃபிரேமையும் ஒரே மாதிரி கணக்கிட்டாக வேண்டும். இங்கே பூட்டை உடைக்கக் கேட்பது விளையாட்டின் விதியையே மாற்றக் கேட்பது.

‘எல்டன் ரிங்’ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2022-ல் வந்த கேம், எந்தக் கார்டு போட்டாலும் 60-தான். பூட்டை நீக்கும் மாட் இருக்கிறது. அதற்கு ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை அணைக்க வேண்டும், அணைத்தால் ஆன்லைன் கிடையாது. நண்பர்களோடு ஆடுபவருக்கு இது பேரம் படியாத விஷயம். ஆனாலும் சீராக வரும் 60 இந்த கேமுக்குப் போதும் என்பேன். நடுநடுவே அது 60-லிருந்து சறுக்கி உதறுவதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ 2015 ஜூனில் 30 ஃபிரேம் பூட்டோடு வந்து, சில நாளிலேயே பிசி விற்பனை நிறுத்தப்பட்டு, அக்டோபரில்தான் திரும்பியது. அதிலும் செட்டிங்ஸ் ஃபைலைத் திருத்தி 30-ஐ நீக்கியவர்களுக்கு உடனே விடிவு வரவில்லை. பூட்டு போனது, திக்கல் அப்படியே இருந்தது.

திறந்துவிட்டால்?

‘கவுன்டர் ஸ்ட்ரைக் 2’ மாதிரி கேம்களில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு 300 எஃப்பிஎஸ் ஓட்டுபவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மானிட்டர் 144 படம்தான் காட்டும், சரி. ஆனால் அது காட்டும் படம் இன்னும் புதியதாக இருக்கும், மவுஸ் அசைவு திரைக்கு வரும் நேரம் குறையும். கண் இமைக்கும் நேரத்தில் சுட்டுத் தீரும் சண்டையில் அது கணக்கில் வரும். திரையில் படம் குறுக்கே கிழிந்து தெரிவதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒரு பள்ளம் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதம் திணறும் கேமில் வரம்பில்லாமல் விட்டால், பிராசஸர் அனுப்பும் ஃபிரேம்கள் கார்டின் வாசலில் வரிசை கட்டி நிற்கும். நீங்கள் மவுஸை அசைத்தது அந்த வரிசை நகர்ந்து முடிந்த பிறகுதான் தெரியும். அங்கே வரம்பைச் சற்றுக் குறைத்து வைத்தால் எண் இறங்கினாலும் கை லேசாகும். கிராபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியா 2020-ல் கொண்டுவந்த ‘ரிஃப்ளெக்ஸ்’ இந்த வரிசை உருவாகாமல் பார்த்துக்கொள்கிறது. கேமில் அந்த வசதி இருந்தால் யோசிக்காமல் போட்டுவிடலாம்.

அப்புறம் சூடு. 2010-ல் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ மெனுத் திரைகளில் வரம்பே இல்லாமல் ஓடியதால் கார்டுகள் கொதிப்பதாகப் புகார் வர, செட்டிங்ஸ் ஃபைலில் வரம்பு சேர்க்கச் சொல்லி கேமைச் செய்த பிளிஸார்டே வழி சொன்னது. 2021-ல் ‘நியூ வேர்ல்ட்’ சோதனைப் பதிப்பில் சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தே போயின. கோளாறு கார்டில் இருந்த சால்டரிங்கில் என்று தெரிந்தாலும், கேமை வெளியிட்ட அமேசான் மெனுவுக்கு ஒரு ஃபிரேம் வரம்பு சேர்த்தது. ஒன்றுமே அசையாத மெனுவுக்கு 350 வாட் கார்டை முழுமூச்சாக ஓட்டுவது என்ன கணக்கு? சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் ஆடுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விசிங்க் பற்றி இரண்டு வரி போதும். கிழிசலை நிறுத்தும், பதிலுக்குத் தாமதத்தைக் கூட்டும். பழைய முறையில் 60-ஐத் தவறவிட்டால் நேராக 30-க்கு விழும். சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நிதானமான கேம் ஆடுபவருக்கு மட்டும் இன்றும் அது சரியான தேர்வு.

நாமே போடும் தாழ்ப்பாள்

இதை மூன்று இடத்தில் போடலாம், மூன்றும் ஒன்றல்ல. கேமின் சொந்த செட்டிங்ஸில் உள்ள வரம்பு பொதுவாகத் தாமதத்தில் வெல்லும்; உங்கள் மவுஸைப் படிப்பதற்கு முன்பே காத்திருக்க அதனால் முடியும். ‘ரிவாட்யூனர்’ மாதிரி வெளி மென்பொருள் சீரில் வெல்லும், கொஞ்சம் தாமதம் சேர்க்கும். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில் உள்ள வரம்பு (என்விடியாவில் 2020 ஜனவரியில் வந்தது) எல்லா கேமுக்கும் ஒரே இடத்தில் போட வசதி. நான் முதலில் கேமுக்குள் பார்ப்பேன். அங்கே இல்லை, அல்லது இருந்தும் படம் உதறுகிறது என்றால்தான் ரிவாட்யூனர்.

எத்தனை வைப்பது என்பது மானிட்டரைப் பொறுத்தது. ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் உள்ள மானிட்டர் ஃபிரேம் வந்த நேரத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும். ஆனால் அதன் உச்ச எண்ணைத் தாண்டினால் அந்த வித்தை நின்றுவிடும். ஆகவே உச்சத்துக்கு மூன்று கீழே, 144 என்றால் 141. ரிஃப்ளெக்ஸ், ஜி-சிங்க், விசிங்க் மூன்றும் சேர்ந்து இயங்கினால் அதுவே 138-ல் நிறுத்திக்கொள்ளும். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் இல்லாத மானிட்டரில் அதன் எண்ணை மீதியின்றி வகுக்கும் வரம்புதான் பொருந்தும். 60 ஹெர்ட்ஸில் 45 வைத்தால் சில படம் ஒரு முறை, சில படம் இரண்டு முறை காட்டப்பட்டு 30-ஐ விட மோசமாகத் தோன்றும். கையடக்க கேம் கம்ப்யூட்டரான ஸ்டீம் டெக்கின் எல்சிடி மாடலில் திரையை 40 ஹெர்ட்ஸ் ஆக்கி 40 வரம்பு வைப்பது இந்தக் கணக்கில் அழகான இடம்: 25 மில்லி விநாடி, அதாவது நேர அளவில் 30-க்கும் 60-க்கும் சரி பாதி. பேட்டரியும் தாங்கும்.

கதை கேம்களுக்கு, கார்டு எப்போதும் தொடமுடிகிற எண்ணில் வரம்பு வையுங்கள். 75-க்கும் 110-க்கும் நடுவே அலையும் கேமை 72-ல் நிறுத்தினால் 144 ஹெர்ட்ஸ் திரையில் அது நிச்சயம் நன்றாகத் தெரியும். முறை வைத்து ஆடும் ஸ்ட்ராடஜி கேமுக்கு 60 தாராளம்.

கடைசியாக, ஃபிரேம் ஜெனரேஷன் இந்தக் கணக்கில் புதுக் குழப்பத்தைக் கொண்டுவந்திருக்கிறது. 2022-ல் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 இரண்டு ஃபிரேமுக்கு நடுவே ஒன்றைத் தானே வரைந்து சேர்த்தது. 2025-ல் வந்த நான்காம் பதிப்பு மூன்று வரை சேர்க்கிறது. இங்கே நீங்கள் வைக்கும் வரம்பு பெரும்பாலும் போலி ஃபிரேமையும் சேர்த்தே எண்ணும். நான்கு மடங்கைப் போட்டுவிட்டு 120-ல் நிறுத்தினால் கேம் உண்மையில் ஓடுவது 30-ல். திரை வழவழவென்று போகும், மவுஸ் மட்டும் சேற்றில் கால் வைத்தது போல் இழுக்கும். அந்த 120 மானிட்டரில் இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொண்டால் அடியில் 60 மிஞ்சும். கார்டு அந்த 60-ஐத் தானாகத் தர முடியாவிட்டால், ஜெனரேஷனை அணைத்துவிட்டு நிழல்களையும் பிரதிபலிப்புகளையும் ஒரு படி குறைத்துப் பாருங்கள்.