பெயர் இருக்கும், படம் இருக்காது: போலிக் கொள்ளளவு எஸ்எஸ்டி குறித்து ஓர் எச்சரிக்கை

கேமரா படங்களைச் சேமித்து வைப்பதற்காக, இணைய விற்பனைத் தளம் ஒன்றில் 2 டிபி என்று குறிப்பிட்டு விற்கப்பட்ட கையடக்க எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் கருவி) ஒன்றை எங்கள் வீட்டில் வாங்கினோம். இணைத்தவுடன் கணினி அதன் கொள்ளளவை 1.81 டிபி என்று காட்டியது. உண்மையான 2 டிபி கருவியையும் விண்டோஸ் அவ்வாறே காட்டும் என்பதால் அதில் ஐயப்பட எதுவும் இல்லை. ஊர்க் கோயில் குடமுழுக்கு, மாமாவின் சதாபிஷேகம், அதற்கு முந்தைய ஆண்டுகளின் பயணங்கள் என எல்லாப் படங்களையும் அதில் ஏற்றிவிட்டு, மெமரி கார்டுகளை வழக்கம்போல் மீண்டும் பயன்படுத்தத் தொடங்கினோம்.

ஆல்பம் அச்சிடுவதற்காகச் சில மாதங்கள் கழித்துத் திறந்தபோது ஃபோல்டர்கள் அனைத்தும் இருந்தன. கோப்புகளின் பெயர், அளவு, தேதி எதிலும் குறை இல்லை. ஆனால் முதலில் ஏற்றிய பயணப் படங்களைத் தவிர மற்றவை திறக்கவே இல்லை. பழுதுபார்ப்பவர் உறையைப் பிரித்துக் காட்டினார்: உள்ளே மலிவான கார்டு ரீடர் பலகை ஒன்று, அதில் பசையிட்டு ஒட்டிய 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, கையில் எடுத்தால் கனம் தெரிவதற்காக வைத்த ஓர் இரும்புத் துண்டு.

இந்த மோசடி நடக்கும் விதத்தைப் படம் எடுக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். கருவியின் சேமிப்பை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் சில்லு, தன்னிடம் இல்லாத இடத்தை இருப்பதாகக் கணினிக்குத் தெரிவிக்குமாறு மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. உண்மையான இடம் தீர்ந்த பிறகு வரும் தரவை அது எந்தப் பிழைச் செய்தியும் இன்றித் தள்ளிவிடும், அல்லது பழைய தரவின் மேலேயே எழுதிவிடும். கோப்புப் பட்டியல் தனியாக, பெரும்பாலும் தொடக்கப் பகுதியில் பதிவாவதால், உள்ளே படமே இல்லாதபோதும் பெயர்கள் ஒழுங்காகத் தெரிகின்றன. நகலெடுத்த உடனே ஒரு படத்தைத் திறந்து பார்த்தாலும் ஏமாற வாய்ப்புண்டு, ஏனெனில் கணினி அதைத் தன் நினைவகத்திலிருந்தே எடுத்துக் காட்டக்கூடும். 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படம்) 30 எம்பி அளவில் இருந்தால், 64 ஜிபியில் ஏறத்தாழ 2,000 படங்கள் சரியாகவே பதிவாகும். குறை வெளிப்படுவதற்குள் பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும் என்பதே என் உறுதியான கருத்து.

எங்களுக்கு விற்றவர், எங்கள் கணினியில்தான் பழுது என்றும், எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு முறையில் ஃபார்மேட் செய்து, அதாவது கருவியைப் புதிதாக அமைத்துப் பாருங்கள் என்றும் பதில் எழுதினார். அப்படிச் செய்திருந்தால் எஞ்சிய படங்களும் பட்டியலிலிருந்து போயிருக்கும். கெடு கடந்துவிட்டது என்று தளம் முதலில் கைவிரித்தது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அந்த விதியைச் சுட்டி எழுதி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகாரைப் பதிவு செய்த பிறகே பணம் திரும்பி வந்தது. அதே பொருள், அதே விளம்பரப் படத்துடன், வேறு விற்பனையாளர் பெயரில் இன்றும் விற்கப்படுகிறது.

ஆகவே எந்தச் சேமிப்புக் கருவியை வாங்கினாலும், திருப்பி அனுப்பும் கெடுவுக்குள், ஒரு படத்தைக்கூட ஏற்றும் முன், அதை முழுவதுமாக நிரப்பிச் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் காலியான கருவியைத் தெரிந்த தரவால் நிரப்பி, அதைத் திரும்பப் படித்து ஒப்பிடுகின்றன. 2 டிபிக்கு இது பல மணி நேரம் எடுக்கும், இரவில் ஓடவிட்டுவிடலாம். படங்களை ஏற்றிய பிறகு கருவியை முறைப்படி கழற்றி, மீண்டும் இணைத்து, கடைசியாக ஏற்றிய ஃபோல்டரின் படங்களைப் பெரிதாகத் திறந்து பாருங்கள். இரண்டாவது நகலை வேறொரு நிறுவனத்தின் கருவியில் வேறோர் இடத்தில் வைத்து, அதையும் இப்படிச் சரிபார்க்கும் வரை கேமராவின் கார்டை அழிக்காதீர்கள்.

ஏற்கெனவே இத்தகைய கருவியில் படங்களை ஏற்றியிருப்பவர்கள் அதில் மேற்கொண்டு எதையும் எழுத வேண்டாம். அந்தப் படங்களை எடுத்த மெமரி கார்டை உடனே கேமராவிலிருந்து கழற்றி வையுங்கள். ஃபார்மேட் செய்த கார்டிலும், மேலே புதிய படங்கள் எழுதப்படாத பகுதியில் பழையவை தங்கியிருக்கக்கூடும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அவற்றைத் தேடி எடுக்கும். மீட்ட கோப்புகளை அதே கார்டில் சேமிக்காமல் கணினியில் சேமிக்க வேண்டும். சதாபிஷேகப் படங்களில் ஒரு பகுதி எங்களுக்கு அவ்வழியில்தான் கிடைத்தது. குடமுழுக்குப் படங்கள் கிடைக்கவில்லை.