மாஸ்டர்ஸ் ஆப்: ஏற்காட்டு சிக்னலில் அகஸ்டாவைத் தொடர

மேஜர் என்று அழைக்கப்படும் கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளையும் ஆப்பில் தொடரலாம். அவற்றில் ஏப்ரலில் அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தில் நடக்கும் மாஸ்டர்ஸுக்கான ஆப்தான் முதலிடம். இலவசம். ஆனால் சேலத்திலும், குறிப்பாக ஏற்காட்டு எஸ்டேட் பக்கத்திலும், வீடியோவை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். இந்த ஆப்பின் பலம் லீடர்போர்டில், அதாவது நேரலை ஸ்கோர் பட்டியலில் இருக்கிறது.

டீ டைம் (ஒவ்வொரு குழுவும் ஆட்டம் தொடங்கும் நேரம்) எல்லாம் அகஸ்டா நேரப்படி அறிவிக்கப்படும். அதோடு ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கடைசிச் சுற்று நடக்கும் ஞாயிறன்று கடைசி ஜோடி அங்கே மதியம் 2.30ஐ ஒட்டிக் கிளம்பினால் நமக்கு நள்ளிரவு 12. ஆட்டம் முடிய விடியற்காலை நாலரை ஆகிவிடும். தினசரி டேட்டா பேக் பெரும்பாலும் அதே நள்ளிரவில்தான் புதுப்பிக்கப்படுகிறது என்பது நல்ல பொருத்தம். இருந்தாலும் எச்டி வீடியோ மணிக்கு ஒரு ஜிபியைத் தாண்டும். 2 ஜிபி பேக் வைத்திருப்பவருக்குப் பின் ஒன்பது ஹோல் (10 முதல் 18 வரை) தொடங்கும் நேரத்தில், அதாவது ஆட்டம் சூடுபிடிக்கும்போது, டேட்டா தீர்ந்துபோகும். முன் ஒன்பதை லீடர்போர்டில் மட்டும் தொடர்ந்துவிட்டு, இரண்டு மணிக்குப் பிறகு வீடியோவைத் திறப்பதே சரி. நேரலை உரிமை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எங்கே பார்க்கலாம் என்பதை ஆட்டம் தொடங்கும் வியாழக்கிழமையே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி லீடர்போர்டு. பார் என்பது ஒரு ஹோலை முடிக்க வகுத்த ஷாட் கணக்கு, அதைவிடக் குறைவாக அடிப்பதே நல்லது. பாருக்குக் கீழே இருந்தால் சிவப்பு, மேலே போனால் பச்சை. புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அதைவிடப் பெரிய தவறு, ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு 'த்ரூ' பத்தியை விட்டுவிடுவது. எத்தனை ஹோல் முடிந்திருக்கிறது என்பதைச் சொல்வது அந்தப் பத்திதான். 12 ஹோல் முடித்து −7ல் (பாருக்கு ஏழு குறைவு) இருப்பவருக்கு 13, 15 என்று இரண்டு பார் 5 மிச்சம். இரண்டே ஷாட்டில் கிரீனை (குழி இருக்கும் புல்தரையை) எட்டக்கூடியவை அவை, அதனால் ஸ்கோரைக் குறைக்க வாய்ப்பு உண்டு. அவரை, 18ம் முடித்து −8ல் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்தங்கியவர் என்று சொல்லிவிட முடியாது. மழையால் ஆட்டம் தள்ளிப்போய் 1, 10 என்று இரண்டு ஹோலிலிருந்தும் தொடங்கினால், 10வது ஹோலில் தொடங்கியவரின் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வரும். 'த்ரூ 9' நட்சத்திரத்தோடு இருந்தால் அந்த இரண்டு பார் 5களையும் அவர் ஏற்கெனவே ஆடி முடித்துவிட்டார் என்று அர்த்தம். கணக்கே மாறிவிடும்.

2025 மாஸ்டர்ஸின் கடைசி ஞாயிறு இதற்குச் சரியான பாடம். ஜஸ்டின் ரோஸ் 66 அடித்து −11ல் முடித்துவிட்டார். ரோரி மெக்கில்ராய் 17வது ஹோலில் பர்டி (பாரைவிட ஒன்று குறைவு) எடுத்து −12. பட்டியலைப் பார்த்தால் மெக்கில்ராய்க்கு ஒரு ஷாட் முன்னிலை. ஆனால் 18 இன்னும் பாக்கி. அங்கே போகி (பாரைவிட ஒன்று கூடுதல்) விழுந்து இருவரும் சமமானார்கள். சமனை முறிக்கும் பிளேஆஃபும் அதே 18வது ஹோலில்தான். மெக்கில்ராய் பர்டி எடுத்து ஜெயித்தார், நான்கு மேஜரையும் வென்ற ஆறாவது வீரர் ஆனார். த்ரூ பத்தியை விடாமல் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசிப் பத்து நிமிடம் வீடியோ இல்லாமலேயே நெஞ்சு படபடத்திருக்கும்.

ஆப்பின் இன்னொரு பெரிய கொடை, ஏறக்குறைய எல்லா ஷாட்டும் சில நிமிடங்களில் தனித்தனித் துண்டு வீடியோவாக வந்துவிடுவது. சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஊசலாடும் இடத்தில் நேரலை சுற்றிக்கொண்டே நிற்கும். துண்டு வீடியோ சின்னது, ஓடிவிடும். பிடித்த வீரர்களைத் தேர்ந்து வைத்தால் அவர்கள் ஷாட்களை மட்டும் வரிசையாகப் பார்க்கலாம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது எதுவும் நிலைக்காது, மேலே போய்த் திறந்துகொள்ளுங்கள்.

குறையும் உண்டு. லீடர்போர்டு முந்தும், வீடியோ பிந்தும். பட் (குழியை நோக்கி உருட்டும் அடி) இன்னும் உருளும்போதே திரையின் மேலே அறிவிப்பு வந்து முடிவைச் சொல்லிவிடும். வீடியோ பார்க்கும் நேரத்தில் அறிவிப்பை அணைத்துவிடுவது கட்டாயம். வெள்ளி ஆட்டத்துக்குப் பின் முதல் 50 இடமும் அதோடு சமமானவர்களும்தான் கட் தாண்டுவார்கள், அதாவது சனி, ஞாயிறு ஆடுவார்கள். அந்தக் கோடு சனி விடியற்காலை வரை ஏறி இறங்கும், அதற்குள் யாரையும் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

இரவு விழிக்க முடியாதவர்கள் ஜூலையில் வரும் பிரிட்டிஷ் மேஜரான ஓப்பனில் தொடங்கலாம். பிரிட்டனுக்கும் நமக்கும் நாலரை மணி நேரமே வித்தியாசம். கடைசிக் குழு சாயங்காலம் ஏழு வாக்கில் கிளம்பி, பதினொன்றரைக்குள் பெரும்பாலும் ஆட்டம் முடிந்துவிடும்.