கான்ட்ராஸ்ட்டுக்குக் காசு வாங்கினாங்க, ஊசியே போடலை: வேலூர்ல ஸ்கேன் எடுக்கப் போறவங்க கவனிங்க

அம்மாவுக்கு நாலு வருஷம் முன்னாடி முதுகுல டிஸ்க் ஆபரேஷன். போன மாசம் மறுபடி கால் மரத்துப் போச்சுன்னு, குடியாத்தத்துல முதல் பஸ் பிடிச்சு வேலூர்ல ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பொறுமையாத்தான் பார்த்தார். எம்ஆர்ஐ எழுதி, பக்கத்துல கான்ட்ராஸ்ட்னு அடிக்கோடு போட்டார். படம் தெளிவாத் தெரிய கையில ஊசி வழியா ஏத்துற மருந்து அது. உள்ள இருக்கிறது பழைய ஆபரேஷன் தழும்பா, இல்ல டிஸ்க் திரும்ப பிதுங்கியிருக்கான்னு அந்த மருந்து ஏத்தினாத்தான் பிரிச்சுத் தெரியுமாம். அதை ஏத்தறதுக்கு முன்னாடி கிட்னி சரியா இருக்கான்னு பார்க்க கிரியேட்டினின் ரத்த டெஸ்டும் எடுத்தாச்சு.

ஸ்கேன் கவுன்டர்ல தேதி கேட்டா, "லைன்ல நில்லுபா." ஒரு மணி நேரம் நின்னோம். கழுத்துல நீலக் கயிறு போட்ட ஒருத்தர் வந்தார். "இன்னாமா, எம்ஆர்ஐயா? மெஷின் ரிப்பேரு, பத்து நாள் ஆவும். வெளிய நம்ம இடம் கீது, இப்பவே எடுத்துக்கினு வந்துடலாம்." ஆட்டோவுக்குக் காசு வேணாம்னாரு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

அந்த சென்டர்ல ஸ்கேனுக்கு 5,000, கான்ட்ராஸ்ட்டுக்கு 1,500. அம்மாவோட மூக்குத்தித் திருகு இருபது வருஷமாக் கழட்டாதது, சோப்புத் தண்ணி போட்டு அரை மணி நேரம் போராடினோம். காந்தத்துக்குள்ள போறதால உலோகம் கூடாது, அது சரி. ஆனா ரத்த ரிப்போர்ட்டை ஒருத்தரும் கேக்கலை.

மறுநாள் டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு அம்மாகிட்ட, "கையில ஊசி போட்டாங்களாம்மா?"ன்னார்.

"இல்லியே சார். காதுல பஞ்சு வச்சு உள்ள தள்னாங்க. டம்டம்னு ஒரே சத்தம்."

ரிப்போர்ட்லயும் பிளெயின்னுதான், அதாவது மருந்து ஏத்தாத ஸ்கேன்னுதான் இருந்துச்சு. பில்லுல மட்டும் கான்ட்ராஸ்ட். நான் எதையும் படிக்கலை.

சண்டைக்குப் போனா, "மருந்து ஏத்தினோம், பெரியம்மாவுக்கு மறந்துபோச்சு"ன்னாங்க. ரிப்போர்ட்டை நீட்டினதும் அந்த 1,500 மட்டும் திரும்பி வந்துச்சு. ஸ்கேன் படம் பதிஞ்ச சிடி கேட்டதுக்குத் தனியா 200.

அரசு மெஷின் ஒருநாள்கூட ரிப்பேர் ஆகலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அங்கயே மறுபடி எடுக்க நாலாம் நாளே தேதி கிடைச்சுது. கட்டணம் 2,500 (சிடி ஸ்கேன்னா 500), கான்ட்ராஸ்ட் மருந்துக்குத் தனி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா காசு கட்டறதுக்கு முன்னாடியே காட்டிக் கேளுங்க. மெஷின் ஓடுதா இல்லையான்னு ஸ்கேன் ரூம் வாசல்ல போய் நீங்களே கேளுங்க, வராண்டாவுல நிக்கிற எவன் பேச்சையும் கேக்காதீங்க. சந்தேகம்னா அரசு மருத்துவ உதவி எண் 104க்கு அடிக்கலாம். கவுன்டர்ல இருந்தவங்க அன்னிக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தா அந்த நீலக் கயிறுக்கு அங்க பிழைப்பே கிடையாது, அந்தக் கோவம் எனக்கு இன்னும் தீரலை.

இந்தத் தடவை வெளிய வந்ததும் அம்மா முதல்ல கையை நீட்டி, ஊசி குத்தின இடத்துல ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் காட்டினாங்க. மூக்குத்தியை மட்டும் இன்னும் போடலை. "நீ மறுபடி எங்கனா இட்டுக்கினு போவ"ங்கறாங்க.