கடல் பங்கசா, மலைக்காட்டுப் பங்கசா?

பேராதனையில் உயிரியல் படித்துவிட்டுப் புற்றுநோய்க்கு எதிரான சேர்மங்களைப் பங்கசுகளில் (பூஞ்சைகளில்) தேட விரும்பும் நம் மலையகப் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு.

மலைக்காடு பக்கத்திலேயே இருக்கிறது. இலைக்குள்ளும் பட்டைக்குள்ளும் நோய் உண்டாக்காமல் வாழும் பங்கசுகளைப் பிரித்தெடுக்கலாம். ஹோட்டன் சமவெளி என்றால் முதலில் அனுமதி வேண்டும். 1993இல் பசிபிக் யூ மரத்துப் பங்கசு ஒன்று டாக்சோல் என்ற புற்றுநோய் மருந்தை உண்டாக்குவதாக அறிவிக்கப்பட்டபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் கிடைத்த அளவு மிகச் சொற்பம். இத்தகைய பங்கசுகள் ஆய்வுகூடத்தில் திரும்பத் திரும்ப வளர்க்கும்போது உற்பத்தியை நிறுத்திவிடுவதும் உண்டு.

கடல் பங்கசுக்குத் திருகோணமலைக்கோ மன்னாருக்கோ இறங்கவேண்டும், செலவு கூடும். கடற்பஞ்சு, அல்கா, கண்டல் வேர் ஆகியவற்றிலிருந்து எடுத்து உப்புநீர் ஊடகத்தில் வளர்க்கவேண்டும். இந்தச் சிரமத்துக்குப் பலன் இருக்கிறது. அஸ்பெர்ஜில்லஸ் என்ற கடல் பங்கசு ஒன்றில் கிடைத்த ஹலிமைட் என்ற சேர்மத்தின் அமைப்பைத் திருத்தித்தான் பிளினபுலின் என்ற மருந்து உருவானது. கலப்பிரிவுக்கு வேண்டிய டியூபியூலின் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் அது, கட்டிக்குச் செல்லும் இரத்தக்குழாய்களையும் சிதைக்கிறது. நுரையீரல் புற்றுநோயாளரிடம் மூன்றாம் கட்டப் பரிசோதனை வரை சென்றது.

என் தெரிவு கடல்தான். உப்பிலும் நெருக்கடியிலும் வாழும் பங்கசுகள் குளோரீன், புரோமீன் சேர்ந்த அரிய சேர்மங்களையும் தருகின்றன. பயணச்செலவுக்கு வழியில்லாத பிள்ளை மலைக்காட்டில் தொடங்கட்டும். தொழில்நுட்பம் பெரும்பாலும் ஒன்றே.

எதை எடுத்தாலும், தெரிந்த சேர்மத்தையே மறுபடி கண்டுபிடிக்கும் ஆபத்து உண்டு. மூலக்கூற்றின் திணிவை அளந்து சேர்மத்தை அடையாளம் காண உதவும் திணிவு நிறமாலைச் சோதனையை ஆரம்பத்திலேயே செய்யுங்கள். சாதாரண கலங்களையும் கொல்கிறதா என்று உடனே பாருங்கள்.