உடனே ஃபார்மட் அடிக்காத கடை: காரைக்குடியில் ஒரு பழைய கணினி சர்வீஸ்

காரைக்குடியில் கணினி சர்வீஸ் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. செக்காலை ரோட்டில் நடந்தால் லேப்டாப் படம் போட்ட போர்டுகளாக வரும். நான் எழுதுவது போர்டே இல்லாத ஒரு மாடிக் கடையைப் பற்றி. கல்லுக்கட்டி பக்கம், பாத்திரக் கடைகளுக்கு நடுவில், ஒருக்களித்து ஏற வேண்டிய குறுகலான படி. கடையின் பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம் ஆச்சி, வந்து கிடக்குற பெட்டியவே முடிக்க முடியல" என்றார் கடையை நடத்தும் தம்பி. அதனால் பெயர் போடவில்லை. கீழே பாத்திரக் கடையில் கேட்டால் மாடியைக் கை காட்டுவார்கள்.

நான் கொண்டுபோனது ஒரு காம்பாக் பிரசாரியோ, 2006-ல் அப்பச்சி வாங்கியது. (வெளியூர்க்காரர்களுக்கு: அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா.) 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், 512 எம்பி ரேம், கம்பெனியே போட்டுக் கொடுத்த விண்டோஸ் எக்ஸ்பி ஹோம். பள்ளத்தூர் வீட்டில் பட்டாலையை ஒட்டிய அறையில், தேக்கு மேசையில், மானிட்டருக்குக் குரோஷா உறை போட்டு வைத்திருக்கிறார். அதில்தான் முன்னோருக்குப் படையலிடும் படைப்பு வீட்டுக் கணக்கு, பங்காளிகளின் முகவரிகள், கோயிலுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. பழைய புகைப்படங்களை ஏற்ற ஒரு ஸ்கேனரும் உண்டு. அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது. புது விண்டோஸில் மாட்டினால் விளக்கு எரியும், வேறொன்றும் நடக்காது.

அந்தப் பெட்டி கொஞ்ச நாளாகவே சரியில்லை. ஆன் செய்தால் 2006 ஜனவரி என்று தேதி காட்டும். பென் டிரைவ் வழியாக வந்த வைரஸ் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அதே பெயரில் ஒரு போலி ஃபோல்டரை உண்டாக்கி வைத்திருந்தது. கடைசியில் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி புது லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொன்னான். அப்பச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "எனக்கு இதுதான் வேணும். வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி."

முதலில் வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "ஃபார்மட் அடிச்சு செவன் போட்டுடலாம்மா, சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க" என்றார். அதாவது டிஸ்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸ் 7 போடுவது. ஃபைல்கள் என்ன ஆகும் என்று கேட்டதற்கு "பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. ஒரிஜினல் விண்டோஸா என்று கேட்டேன், சிரித்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாடிக் கடைத் தம்பி கேட்ட முதல் கேள்வியே வேறு: "இதுக்கு முன்னாடி யாராச்சும் ஓஎஸ் போட்டிருக்காங்களா ஆச்சி?" விண்டோஸை யாரும் மாற்றிப் போடவில்லை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. காரணத்தை அப்புறம் விளக்கினார். அந்தக் காலத்துப் பிராண்டட் கணினிகளோடு பெரும்பாலும் விண்டோஸ் சிடி தர மாட்டார்கள். ஹார்ட் டிஸ்கிலேயே ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து, தொழிற்சாலையில் ஏற்றிய விண்டோஸ், டிரைவர்கள், இலவச மென்பொருள்கள் எல்லாவற்றையும் அதில் ஒரு பிரதியாக வைத்துவிடுவார்கள். மை கம்ப்யூட்டரைத் திறந்தால் சி டிரைவுக்குப் பக்கத்தில் டி என்று ஒரு டிரைவ் தெரியுமே, எதையும் போடாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு, அதுதான் இந்த ரெக்கவரி பகுதி. பலர் அதை வீணாகக் கிடக்கும் இடம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். 'ஃபார்மட் அடிச்சுடலாம்' கடைகள் கேட்காமலே அழித்துவிடுகின்றன. அது போய்விட்டால் தொழிற்சாலை நிலை என்பது அந்தப் பெட்டிக்குக் கிடையாது, எங்கிருந்தாவது அதே மாடலின் ரெக்கவரி டிஸ்க் கிடைத்தால்தான் உண்டு.

அவர் மேசைக்கு மேலே சுவரில் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறார்: ஹெச்பி, காம்பாக்குக்கு எஃப் 11. ஏசருக்கு ஆல்ட்டோடு எஃப் 10. எக்ஸ்பி காலத்து டெல்லுக்குக் கன்ட்ரோலோடு எஃப் 11. தோஷிபா லேப்டாப்பில் பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்ய வேண்டும். சோனி வையோவுக்கு எஃப் 10. ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்குள் அந்த விசையைத் தட்டினால் ஒளிந்திருக்கும் பகுதி விழித்துக்கொள்ளும்.

அப்படியானால் வீட்டிலேயே எஃப் 11 அழுத்தியிருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, அங்கேயே கேட்டும்விட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லாமல் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, தனியாகக் கரன்ட் கொடுத்து என் காதருகே வைத்தார். டிக், டிக் என்று சத்தம். "இதுல போய் ரெக்கவரி ஓட்டினா பாதியில நின்னுடும். பழசும் இருக்காது, புதுசும் இருக்காது."

இந்தக் கடைக்கு நான் மதிப்பெண் போடுவது இந்த இடத்தில்தான். அவர் எதையும் அழிப்பதற்கு முன், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலைக் கொண்டு முழு டிஸ்கையும் பிரதி எடுத்தார். ஃபைல் ஃபைலாக இல்லாமல், டிஸ்கின் முதல் துளியிலிருந்து கடைசித் துளி வரை அப்படியே. இந்த நிரல் படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காது. அதைக் குறித்துவைத்துவிட்டு நல்ல இடங்களை முதலில் எடுத்துவிடும், கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். சாகப்போகிற டிஸ்க் கடைசி மூச்சை வீணான இடத்தில் செலவழிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. எங்கள் டிஸ்கில் கொஞ்சம் போய்விட்டிருந்தது, ஆனால் ரெக்கவரி பகுதியில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு பிரதி நான் கொடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்கில், இன்னொன்று பழைய டிஸ்குக்குப் பதிலாகப் பெட்டிக்குள் போகிற, சுழலும் தட்டே இல்லாத புது எஸ்எஸ்டியில். பழைய டிஸ்கை ஒரு கவரில் போட்டு, "தூக்கிப் போட்டுடாதீங்க" என்று கையில் கொடுத்தார்.

எஸ்எஸ்டி 120 ஜிபி. இன்னும் பெரியதாகப் போடலாமே என்றேன். ஆரம்பகால எக்ஸ்பிக்கு 137 ஜிபிக்கு மேல் கணக்குப் பார்க்கத் தெரியாது, சர்வீஸ் பேக் 1 என்ற மைக்ரோசாஃப்ட் மேம்படுத்தல் தொகுப்புக்குப் பிறகுதான் அது சரியானது, எங்களுடையதில் சர்வீஸ் பேக் 2 இருந்தாலும் இந்த வயதுப் பெட்டியில் வம்பு எதற்கு என்றார். நியாயம்தான், 80 ஜிபியையே அப்பச்சி நிரப்பவில்லை. இந்தப் பெட்டியில் பழைய அகலமான ரிப்பன் கேபிள் என்பதால் நடுவில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் மாட்ட வேண்டியிருந்தது. மதர்போர்டில் இருந்த செல்லையும் மாற்றினார், கடிகாரக் கடையிலும் கிடைக்கிற சிஆர் 2032 தான். தேதி குழம்பியதற்கு அதுதான் காரணம். போர்டில் நிற்கும் சின்ன உருளைகளான கெபாசிட்டர்கள் ஏதாவது தலை வீங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். 2000-களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் அது பெரிய வியாதியாம். எங்களுடையது தப்பித்திருந்தது.

ரெக்கவரி ஓட்டுவதற்கு நாள் பார்த்தார் என்றால் சிரிப்பீர்கள். பஞ்சாங்கம் இல்லை, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்தார். நடுவில் கரன்ட் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எஃப் 11 அழுத்தியதும் இரண்டு வழி காட்டியது: நம் ஃபைல்களை விட்டுவைத்து விண்டோஸை மட்டும் புதுப்பிப்பது, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொழிற்சாலை நிலைக்குப் போவது. வைரஸ் இருந்ததால் இரண்டாவது.

விண்டோஸின் சாவி எண் (புராடக்ட் கீ) எதையும் அது கேட்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த மைக்ரோசாஃப்ட் ஸ்டிக்கரில் எழுத்தே தெரியாமல் தேய்ந்திருந்தது, அதனால் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனி ஏற்றிய எக்ஸ்பி, மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரலில் உற்பத்தியாளரின் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஆக்டிவேஷன், அதாவது ஒரிஜினல்தானா என்று உறுதிசெய்வது, என்று தொந்தரவே செய்யாது, இணையமும் வேண்டாம். வேறு சிடியிலிருந்து எக்ஸ்பி போட்டிருந்தால் அந்தத் தேய்ந்த 25 எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியிருக்க வேண்டும். தொழிற்சாலை வழியே போவதில் உள்ள பெரிய லாபம் இது.

அப்புறம் திரை வந்தது. அறுபது நாள் இலவச ஆன்ட்டிவைரஸ், யாரும் தொடாத இணைய விளம்பர ஐகான்கள், எல்லாம் 2006-ல் இருந்த மாதிரியே. வாங்கினப்ப இருந்த மாதிரி என்று கேட்டால் குப்பையும் சேர்ந்துதான் வரும்! அவற்றை நீக்கிவிட்டு, தன்னிடம் வைத்திருந்த சர்வீஸ் பேக் 3-ஐ ஏற்றினார். பென் டிரைவ் சொருகியவுடன் தானாக ஓடும் வசதியை நிறுத்தினார். அப்பச்சி போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, அந்தப் பின்பால் இருக்கா?" "இருக்குதுங்கய்யா." அந்த விளையாட்டு எக்ஸ்பியோடு சரி, விஸ்டாவில் எடுத்துவிட்டார்கள்.

தமிழில்தான் சிக்கல். தொழிற்சாலை எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. கன்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்கான ஒரு பெட்டியில் டிக் செய்ய வேண்டும். டிக் செய்தால் சிடி கேட்கும். அந்தக் கோப்புகள் சி டிரைவிலேயே ஐ386 என்ற ஃபோல்டரில் இருக்கின்றன, அதைக் காட்டிக் கொடுத்தால் போதும். லதா எழுத்துரு வந்துவிட்டது. ஆனால் அப்பச்சியின் கடிதங்கள் அப்போதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகவே நின்றன. எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை, பாமினி தொழிற்சாலையிலிருந்து வந்ததில்லையே. முழு டிஸ்கின் பிரதி இருந்ததால் பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்துப் போட்டார். கோப்புகளை மட்டும் காப்பாற்றிக் கொடுத்திருந்தால் படைப்புக் கணக்கு முழுக்க வாசிக்க முடியாத கிறுக்கலாகியிருக்கும். கோப்புகளை வைரஸ் ஸ்கேன் செய்த பிறகே உள்ளே விட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இணையம் மட்டும் கிடையாது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. அதில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறப்பதே இல்லை, திறந்தாலும் ஆபத்து. "கேபிளே சொருகாதீங்க ஆச்சி, ஐயாவுக்குத்தான் போன் இருக்கே" என்றார். பேங்க் வேலைக்கும் இமெயிலுக்கும் பழைய பெட்டியைத் தயார் செய்யலாம் என்று யாராவது நினைத்தால், வேண்டாம்.

செலவு: எஸ்எஸ்டி 1,300, கன்வெர்ட்டர் 350, செல் 50, கூலி 1,200. ஆக 2,900 ரூபாய். முனீஸ்வரன் கோவில் தெருவில் துருப்பிடித்த எனாமல் தூக்குக்கு இதைவிட அதிகம் சொல்கிறார்கள். அங்கே பேரம் பேசி வாங்குகிற அதே ஆட்கள், ஓடுகிற கணினியைப் பழைய இரும்புக்குக் கிலோக் கணக்கில் போடுகிறார்கள். என்னவோ போங்கள்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் வேலை முடியாது. இரண்டு நாள் என்றால் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் அடித்தால் எடுக்க மாட்டார். ரசீது கிடையாது, பெட்டி மேல் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவதுதான் ரசீது. எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் அதே மாடல் இன்னொன்று இருந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கொடுக்கும்போதே பின்பக்கத்து எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒன்றரை மணிக்குப் பூட்டினால் நாலரைக்குத்தான் திறப்பார். பெரியவர்களால் அந்தப் படி ஏற முடியாது. கீழே நின்று கூப்பிட்டால் அவரே வந்து தூக்கிக்கொண்டு போகிறார், அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: ரெக்கவரி பகுதி ஏற்கனவே அழிந்துபோன பெட்டி என்றால் அவர் எடுத்துக்கொள்வதில்லை. "டேட்டா எடுத்துத் தரேன், பழைய நிலைக்கு என்னால முடியாது" என்று முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்புகிறார். நான் இருந்தபோதே தேவகோட்டையிலிருந்து வந்த ஒருவரை அப்படித்தான் திருப்பினார். ரெக்கவரி டிவிடி வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். ஹெச்பி மாதிரியான கம்பெனிகள் ரெக்கவரி பகுதியை நாமே டிஸ்கில் எழுதிக்கொள்ள விட்டன, ஆனால் ஒரு கணினிக்கு ஒரு செட் மட்டுமே. அப்பச்சி எழுதி அலமாரியில் வைத்திருந்ததில் ஒன்று நன்றாக இருந்தது, ஒன்று படிக்கவில்லை.

திங்கட்கிழமை போக வேண்டாம். சந்தை நாள், அந்தக் கூட்டத்தில் சிபியூவைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.