மூச்சு வாங்கும் மஸ்கிடியர்கள்: ரிச்சர்ட் லெஸ்டரின் 1973 படம்

வகுப்பு முடிந்த ஒரு சனிக்கிழமை மாலை, என்னிடம் வாள்சண்டை பயிலும் ஆறு பிள்ளைகளை உட்காரவைத்து 'தி த்ரீ மஸ்கிடியர்ஸ்' படத்தைப் போட்டேன். முதல் பெரிய சண்டை முடிந்ததும் பத்து வயதுக்காரி ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்தாள். "அக்கா, அவங்க ஏன் இப்படி மூச்சு வாங்குறாங்க?"

அதற்காகத்தான் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

நாங்கள் பழகும் ஃபாயில் வாள் அதிகபட்சம் 500 கிராம். எப்பே என்ற இன்னொரு வகை வாள் 770 கிராமைத் தாண்டக் கூடாது. இவற்றை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் ஆடினால் ஒரு நிமிடம் ஓய்வு தருகிறார்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு உடம்பு எப்படி ஏங்கும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். 17ஆம் நூற்றாண்டின் நீண்ட வாளான ரேபியர் ஒரு கிலோவுக்கும் மேல் இருக்கும். அதைக் கையை நீட்டிப் பிடித்தபடி, தோல் காலணியும் கனத்த மேலங்கியும் தொப்பியுமாக, கல் பாவிய தரையில் நாலு பேரோடு சண்டை போட்டால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? ஆனால் நான் பார்த்து வளர்ந்த வாள்சண்டைப் படங்கள் எதிலும் யாருக்கும் களைப்பே வராது. படிக்கட்டில் ஏறிக்கொண்டும் மேசைமேல் குதித்துக்கொண்டும் கதாநாயகன் வசனம் பேசுவான், சட்டை கசங்காது. இதே கதையை 1948இல் ஜீன் கெல்லியை வைத்து எடுத்தபோது சண்டைகள் நடனமாகவே இருந்தன. நல்ல நடனம்தான், மறுக்கவில்லை. லெஸ்டரின் படத்தில்தான் முதன்முதலாக வாளுக்கு எடை இருப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

படம் சிரிப்புப் படம். அந்தச் சிரிப்பு அத்தனையும் இந்த எடையிலிருந்துதான் வருகிறது. வீசிய வாள் தூணில் சிக்குகிறது. தாவியவன் குறி தப்பி விழுகிறான். சலவைக்கூடத்தில் நடக்கும் சண்டையைப் பாருங்கள்: நனைந்த துணிகளுக்கும் துவைக்கும் பெண்களுக்கும் நடுவே, வழுக்கும் தரையில் இரண்டு கூட்டம் மோதிக்கொள்கிறது. காலால் உதைக்கிறார்கள், முழங்கையால் இடிக்கிறார்கள், ஈரத்துணியை எதிரியின் முகத்தில் அடிக்கிறார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் என் கண் ஆலிவர் ரீடின் இடது கையிலேயே இருந்தது. அத்தோஸாக வரும் அவர் சும்மா கிடக்கும் கையை ஒரு நொடிகூட வீணாக்குவதில்லை. மேலங்கியைச் சுற்றிக் கேடயமாக்குவது, எதிரியின் வாளை அதில் சிக்கவைப்பது என்று ஓயாமல் அது வேலை செய்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்து வாள்வீரர்கள் உண்மையிலேயே அப்படித்தான் சண்டையிட்டார்கள். பின்கையை அழகாக மேலே தூக்கி வைத்துக்கொள்வதெல்லாம் மெல்லிய வாள்கள் வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம்.

சண்டை அமைப்பாளர் வில்லியம் ஹாப்ஸ். இவர் பெயரைப் பிள்ளைகளின் நோட்டில் எழுதவே வைத்தேன். 1977இல் வந்த 'தி டூயலிஸ்ட்ஸ்' படத்தின் சண்டைகளும் இவர் அமைத்தவைதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு கை கொடுத்திருக்கிறார். ரீட் காட்டெருமை போல முட்டி மோதுவார். போர்த்தோஸாக வரும் ஃபிராங்க் ஃபின்லேவுக்குத் தன்னை யாராவது பார்க்கிறார்களா என்பதிலும் ஒரு கண் இருக்கும். அரமிஸாக வரும் ரிச்சர்ட் சேம்பர்லெய்ன் சுத்தமாக, சிக்கனமாகக் குத்துவார். கதாநாயகனான மைக்கேல் யார்க்கின் தார்த்தன்யன் ஊரிலிருந்து அப்பா சொல்லிக்கொடுத்த பாடத்தோடு வந்தவன். வேகம் இருக்கிறது, நிதானம் இல்லை. முகத்தை மறைத்துவிட்டு வாளை மட்டும் காட்டினாலும் யாரென்று சொல்லிவிடலாம்.

என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் இரவில் நடக்கும் விளக்குச் சண்டைதான். தார்த்தன்யனும், வில்லன்களில் ஒருவனான கிறிஸ்டோபர் லீயின் ரோஷ்ஃபோரும் ஒரு கையில் வாளும் மறு கையில் மூடிபோட்ட லாந்தரும் பிடித்துக்கொண்டு இருட்டில் மோதுகிறார்கள். மூடியைத் திறந்தால் எதிரி தெரிவான், அதே நொடியில் நாமும் அவனுக்குத் தெரிவோம். கண்ணைக் கூசவைக்க வெளிச்சத்தை அடிக்கலாம், அடித்தால் நிற்கும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். பழைய வாள்சண்டை நூல்களில் லாந்தரை ஆயுதமாகப் பயன்படுத்தும் முறை இருக்கிறது. படத்துக்காகக் கட்டிய வித்தை இல்லை இது. ஒளிப்பதிவாளர் டேவிட் வாட்கின் இருட்டை இருட்டாகவே விட்டிருக்கிறார். பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிக்கவில்லை. ஒருவரும் அசையவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1625. பிரான்ஸின் காஸ்கனியிலிருந்து பாரிஸுக்கு வரும் இளைஞன் தார்த்தன்யன் ஒரே நாளில், அரசனின் காவற்படை வீரர்களான மூன்று மஸ்கிடியர்களோடு வம்பு வளர்த்து மூவருக்கும் அடுத்தடுத்து சண்டைக்கு நேரம் குறித்துக்கொள்கிறான். கடைசியில் அவர்களுக்கே நண்பனாகிறான். பிரான்ஸ் அரசி தன் வைர அணிகளை இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பிரபுவுக்குக் கொடுத்துவிட, அரசனின் முதலமைச்சரான கார்டினல் ரிஷல்யூ அதை அம்பலப்படுத்த ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்கிறார். விருந்துக்குள் வைரத்தை மீட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

அலெக்ஸாந்தர் துய்மா இதை 1844இல் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடராக எழுதினார். தொடர்கதையில் வளர்ந்த நமக்கு அந்த மூச்சு பழகியதுதான். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனை நேசித்தவர்களுக்குத் தார்த்தன்யனைப் பிடிக்காமல் போகாது. ஓலையோ கடிதமோ கையில், வம்பு வாயில், அடுத்த வேளைக்குக் காசு இல்லை.

நாவலைப் படிக்காதவர்கள் பலர், இந்தப் படம் கம்பீரமான ஒரு கதையைக் கேலி செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். நான் முழுதாக எதிர்க்கிறேன். நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்கைப் படித்துப் பாருங்கள். எல்லோரும் சிரிக்கும் அந்த மஞ்சள் குதிரை, முன்பக்கம் மட்டும் பொன் வேலை செய்த போர்த்தோஸின் வாள்பட்டி, கைக்குட்டைக்காக அரமிஸோடு வரும் தகராறு, எல்லாம் துய்மாவே எழுதியவை. திரைக்கதை எழுதிய ஜார்ஜ் மெக்டொனால்ட் ஃபிரேசர் வரலாற்று நகைச்சுவை நாவல்களால் பெயர் பெற்றவர். புத்தகத்தில் எங்கே சிரிப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. விறைப்பான மற்ற தழுவல்கள்தான் துய்மாவிடமிருந்து விலகிப் போயின என்பது என் கருத்து.

லெஸ்டர் சேர்த்தது வேறு ஒன்று. அரசனும் அரசியும் நகையும் விருந்தும் ஒரு பக்கம் என்றால், பல்லக்குத் தூக்குபவர்களும் வேலைக்காரர்களும் தெருவில் பிழைப்பவர்களும் சட்டகத்தின் ஓரத்தில் எப்போதும் இருக்கிறார்கள். அரண்மனைத் தோட்டத்தில் நாய்களைக் காய்களாக வைத்துச் சதுரங்கம் ஆடுகிறான் அரசன். கனவான்கள் விலகியதும் சுமந்தவன் முனகுகிறான். அந்த முனகல்களைக் காது கொடுத்துக் கேளுங்கள், படத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. ஒரு குறையும் இதிலேயே இருக்கிறது. இவற்றில் பல மிக மெல்லிய குரலில் வருகின்றன, நான் பார்த்த பிரதியின் சப்டைட்டிலில் அவை பெரும்பாலும் இல்லை. ஹெட்ஃபோன் போட்டு இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எத்தனை தவறவிட்டேன் என்று தெரிந்தது.

மஸ்கிடியர்களிடமும் காசு இல்லை. விடுதியில் பொய்ச்சண்டை ஒன்று கிளப்பி, வாள்முனையில் உணவைக் குத்தித் தூக்கி எறிந்து திருடும் காட்சி குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது. பசித்தவனின் வாள் எதற்கெல்லாம் பயன்படும் என்று காட்டும் காட்சி அது.

நடிகர்களில் சார்ல்டன் ஹெஸ்டன் எனக்கு வியப்பு. 'பென்-ஹர்' தேரோட்டியா இவர்? ரிஷல்யூவாகக் குரலை உயர்த்தாமல் நடந்து போகிறார், அறையே குளிர்ந்துவிடுகிறது. சிரிப்புப் படத்தில் வில்லன் சிரிப்பாக இருக்கக் கூடாது என்று புரிந்து நடித்திருக்கிறார். கார்டினலின் உளவாளி மிலேடியாக வரும் ஃபே டனவேயும் அப்படியே. லீயின் ஒற்றைக்கண் மறைப்பு நாவலில் இல்லை, அங்கே வெறும் தழும்புதான்.

தார்த்தன்யனின் காதலி கான்ஸ்டன்ஸின் பாத்திரம் மட்டும் எனக்கு உறுத்தல். ராக்குவெல் வெல்ச் இதற்குக் கோல்டன் குளோப் வாங்கினார், விழுவதிலும் இடித்துக்கொள்வதிலும் அவருடைய நேரக்கணக்கு துல்லியம். ஆனால் நாவலில் அவள் அரசியின் ரகசியத்தைச் சுமக்கும் துணிச்சல்காரி. படம் அவளைத் தடுக்கி விழவைத்துக்கொண்டே இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள். அவர்கள் முகத்தைப் பார்த்தபோது, அவளுக்கும் இன்னொரு நல்ல காட்சி கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. ஜெரால்டின் சாப்ளினின் அரசிக்கும் செய்வதற்கு அதிகம் இல்லை.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் படம் முடிகிறது, கதை முடிவதில்லை. மொத்தம் 67 அத்தியாயங்கள் உள்ள நாவலில் விருந்து நடப்பது 22ஆம் அத்தியாயத்தில். மீதிதான் 1974இல் வந்த 'தி ஃபோர் மஸ்கிடியர்ஸ்'. ஒரே நீளப் படமாகத் திட்டமிட்டு எடுத்ததைத் தயாரிப்பாளர்கள் இரண்டாக வெட்டி வெளியிட்டார்கள். ஒரு படத்துக்குச் சம்பளம் வாங்கிய நடிகர்கள் வழக்குப் போட, அதன் பிறகு இப்படிச் செய்வதைத் தடுக்கும் பிரிவு ஒன்று நடிகர் ஒப்பந்தங்களில் வந்தது. தயாரிப்பாளர் பெயரால் அதைச் சால்கைண்ட் பிரிவு என்கிறார்கள். இரண்டாம் படம் துக்கத்துக்குள் இறங்குகிறது. முடிந்தால் இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள். முதல் படத்தில் அத்தோஸ் ஏன் அப்படிக் குடிக்கிறான் என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. காற்றாலை அருகே எடுத்த சண்டையில் ஆலிவர் ரீடுக்குத் தொண்டையில் காயம் பட்டு மருத்துவமனைக்குப் போனார். அந்தக் கைகளில் நாம் பார்க்கும் வேகம் நிஜம், ஆபத்தும் நிஜம். தார்த்தன்யனின் வேலைக்காரன் பிளாஷேயாக வந்து எங்களை அத்தனை சிரிக்கவைத்த ராய் கின்னியர், 1988இல் இதே குழு மூன்றாவது படம் எடுத்தபோது ஸ்பெயினில் குதிரையிலிருந்து விழுந்து மறுநாள் இறந்துபோனார். லெஸ்டர் அதன் பிறகு கதைப்படம் எடுக்கவில்லை. இது தெரிந்த பிறகு பிளாஷே வரும் ஒவ்வொரு காட்சியிலும் சிரிப்போடு வேறொன்றும் எனக்குள் சேர்ந்துகொள்கிறது.

படம் முடிந்ததும் அந்தப் பத்து வயதுக்காரி இரண்டாவது கேள்வியைக் கேட்டாள். "இவங்களுக்கு மாஸ்க் கிடையாதா அக்கா?" இல்லை என்றேன். ரீடின் தொண்டையைப் பற்றிச் சொன்னேன். மாஸ்க்கின் கீழே தொங்கும் பிப் என்ற தடித்த துணி எதற்காக இருக்கிறது என்று அவள் தன் மாஸ்க்கை எடுத்துத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் வீட்டிலிருந்து பழைய போர்வைகளைக் கொண்டுவந்தார்கள். நனைத்து, பிழிந்து, கயிறு கட்டித் தொங்கவிட்டோம். பிளாஸ்டிக் வாள்கள்தான். எல்லோருடைய பிப்பையும் நான் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்த பிறகு தொடங்கினோம். ஈரப்போர்வைக்குப் பின்னாலிருந்து எந்தப் பக்கம் வாள் வரும் என்று தெரியாமல் இரண்டு பேர் சுற்றிச் சுற்றி வந்தார்கள், நாற்பது நொடிகூட ஆகியிருக்காது. மாஸ்க்கைக் கழற்றி, முழங்காலில் கை ஊன்றி, அவள் இரைக்க இரைக்கச் சொன்னாள்: "அக்கா, இப்பத் தெரியுது."