வேலூர் கொணவட்டம் ஜீப் பட்டறை: ஆயில் பிரஷர் முள்ளு விழுந்துச்சு, இஞ்சின் எறக்காமலே சரி பண்ணி குடுத்தாங்க

என்கிட்ட இருக்கறது 96 மாடல் டீசல் ஜீப், டிஎன் 23 நம்பர், அப்பா வாங்கினது. போன மே மாசம் அக்னி நட்சத்திரத்துல வீட்டோட ஏலகிரி கிளம்பினோம், அங்க 14 கொண்டை ஊசி வளைவு இருக்கே, பாதிக்கு மேல ஏறிட்டோம், ஒரு திருப்பத்துல டேஷ்போர்டுல இஞ்சின் ஆயிலோட அழுத்தத்தை காட்டற பிரஷர் முள்ளு பொத்துனு ஜீரோல படுத்துடுச்சு. வயித்துல புளிய கரைச்சுது. உடனே ஓரம் கட்டி ஆஃப் பண்ணிட்டேன். டிப் ஸ்டிக் எடுத்து பாத்தா ஆயில் மேல்கோட்டுல நிக்குது, கீழ ஒழுகல, இஞ்சின்ல டக்டக்னு சத்தமும் வரல. ஆற வெச்சு ஸ்டார்ட் பண்ணா முள்ளு எழுந்து நிக்குது! பயந்துக்கினே திருப்பி வீட்டுக்கு ஓட்டியாந்தேன்.

மறுநாள் ஒரு பெரிய பட்டறைல காட்டினேன், பேர் வேணாம். போனட்டை தூக்கி ஒரு நிமிஷம் பாத்தாங்க, பேரிங் தேஞ்சிடுச்சு, இஞ்சின் எறக்கணும், 35,000 ஆகும்னு சொல்லிட்டாங்க. பிரஷர் அளந்தீங்களான்னு கேட்டா அதான் மீட்டரே காட்டுதேங்கறாங்க. மனசு ஒப்பல. ஆம்பூர் லைன்ல லாரி ஓட்டற எங்க மாமா சொல்லி தான் கொணவட்டத்துல இந்த பாய் பட்டறைக்கு வந்தேன். போர்டு கூட கிடையாது, வேப்பமரத்து கீழ நாலு பழைய ஜீப்பு நிக்கும், அதான் அடையாளம்.

பாய் முழுசா கேட்டுட்டு, "டீசல் முள்ளு, டெம்பரேச்சர் முள்ளு ரெண்டும் கூட ஆடிச்சா தம்பி?"ன்னார். இல்லன்னேன். அதுங்களும் சேந்து ஆடினா டேஷ்போர்டு பின்னால எர்த்தோ கரண்ட் சப்ளையோ கோளாறா இருக்கும், இது மட்டும்னா இந்த லைன்லயே தேடலாம்னு சொன்னார். டிப் ஸ்டிக் ஆயிலை ரெண்டு விரல்ல தேச்சு மோந்து பாத்தார், டீசல் கலந்திருந்தா ஆயில் தண்ணியாகி நெஜமாவே பிரஷர் எறங்குமாம். "இஞ்சின் எறக்க சொன்னாங்களா? இஞ்சின் எங்கயும் ஓடிப் போவாது, மொதல்ல மீட்டரை பாப்போம்."

இஞ்சின் பிளாக்குல மாட்டியிருக்கற ஆயில் சென்சாரோட ஒயரை கழட்டினார், சாவியை ஆன் பண்ண சொன்னார், முள்ளு ஜீரோ. அந்த ஒயரை பிளாக்குல ஒரு செகண்ட் தொட்டு எடுத்தார், முள்ளு ஃபுல்லுக்கு போய் திரும்புச்சு. அப்போ மீட்டரும் ஒயரும் நல்லா இருக்கு. எல்லா வண்டிலயும் இதே மாதிரி போவாது, சில மீட்டர்ல ஒயரை கழட்டினா தான் ஃபுல் காட்டும், ரொம்ப நேரம் தொட்டு வெச்சா மீட்டரே எரிஞ்சிடும்னு பாய் எச்சரிச்சார், வீட்ல பண்றவங்க இதை மனசுல வெச்சுக்குங்க.

அப்புறம் சென்சாரை கழட்டி என் கைல குடுத்தார். மரை (திருகி மாட்டற பகுதி) முழுக்க வெள்ளை டேப் சுத்தியிருக்கு, குழாய்க்கு பிளம்பர் சுத்துவாங்களே அதே டெஃப்லான் டேப். போன வருஷம் அங்க ஆயில் கசியுதுன்னு வேற ஒருத்தர்கிட்ட காட்டினேன், அவர் வெச்ச வேலை. இந்த சென்சாருக்கு தனியா எர்த் ஒயர் கிடையாது, மரை வழியா பிளாக்குல ஒட்டி தான் எர்த் எடுக்கும். டேப் தடுத்துடுச்சு, எங்கயோ லேசா ஒட்டிக்கினு இருந்தது சூட்டுலயும் குலுக்கல்லயும் விட்டுடுச்சு, முள்ளு விழுந்துச்சு, ஆறினதும் மறுபடி ஒட்டிக்கிச்சு. அவ்ளோதாங்க விஷயம்.

ஆனா பாய் அதோட விடல, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். சென்சார் ஓட்டைலயே ஹோஸ் வெச்ச கை கேஜை (பிரஷரை நேரா அளக்கற மீட்டர்) மாட்டி, ஹோஸை போனட் வழியா வெளிய எடுத்து கேஜை கண்ணாடில டேப் போட்டு ஒட்டி, பள்ளிகொண்டா வரைக்கும் ஓட்ட சொல்லி கூடவே வந்தார். சூடாகாத இஞ்சின்ல எப்பவும் பிரஷர் நெறைய காட்டும், அதை நம்பக்கூடாது, நல்லா சூடான அப்புறம் பாத்தா தான் கணக்கு. திரும்பி வந்து நிறுத்தினப்ப ஆக்சிலேட்டர் மிதிக்காம ஸ்லோல 18 பவுண்டு (பிஎஸ்ஐ), 2,000 ஆர்பிஎம்ல 42. ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பவுண்டு இருந்தா ஓட்டலாம்கறது பழைய மெக்கானிக்குங்க வெச்சிருக்கற கணக்கு, நம்ம வண்டி அதுக்கு நல்லா மேலயே நிக்குது. இங்கயும் கம்மியா காட்டியிருந்தா ஆயில் பம்ப், பிரஷர் அதிகமானா திறந்து விடற ரிலீஃப் வால்வோட ஸ்பிரிங், சம்ப்புல (ஆயில் தேங்கற அடித்தொட்டி) இருக்கற ஜல்லடை எல்லாம் பாத்துட்டு தான் பேரிங்குக்கே போவேன்னார்.

மரையை ஒயர் பிரஷ்ல தேச்சு, டேப் இல்லாம புது செம்பு வாஷர் போட்டு மாட்டினார். சென்சாரும் பழசுன்னு புதுசு போட சொல்லிட்டேன், அது 650, கூலி 350, மொத்தம் 1,000. கழட்டின பழசை நான் கேக்காமலே பேப்பர்ல சுத்தி குடுத்தார்.

கொறைன்னு பாத்தா, பில் கிடையாது, போனை எடுக்க மாட்டார், நேர்ல போனாலும் ரெண்டு மணி நேரம் காத்துக்கினு இருக்கணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்கு போயிடுவார், நாலு மணிக்கு மேல போங்க. பத்து வருஷத்துக்குள்ள வாங்கின வண்டின்னா எடுக்க மாட்டார், கம்ப்யூட்டர் மாட்டி பாக்கற வசதி அங்க இல்ல.

போன வாரம் அதே ஜீப்புல ஏலகிரி ஏறி எறங்கியாச்சு, பதினாலு வளைவுலயும் முள்ளு விழல, அம்மா பின்சீட்ல தூங்கிட்டாங்க.